மின்சாரத்துக்கு ஒரு குதிர்

நெல்லுக்குக் குதிர் உண்டு. மாவடுவுக்கு ஜாடி உண்டு. தண்ணீருக்கு ஏரி, குளம், அண்டா எல்லாம் உண்டு. மனிதன் எதை அதிகமாகச் சம்பாதித்தாலும், அதை நாளைக்கென்று எடுத்து வைக்க ஒரு பாத்திரத்தையும் கூடவே கண்டுபிடித்து விடுகிறான். ஆனால் மின்சாரத்துக்கு மட்டும் அப்படி ஒரு பாத்திரம் வெகு காலம் வரையில் சரியாக அகப்படவில்லை. அது சமைத்த நிமிஷத்திலேயே பரிமாறப்பட வேண்டும். பரிமாறிய நிமிஷத்திலேயே உண்ணப்பட வேண்டும். எங்கோ ஒரு மின்சார நிலையத்தில் சக்கரம் சுற்றுவதும், உங்கள் வீட்டில் விசிறி சுற்றுவதும் ஒரே சமயத்தில் நடக்கிற ஒரே காரியம்.

கிரிட் என்று எஞ்சினீயர்கள் சொல்லும் மின்சார வலைக்கு ஒரு நாடி இருக்கிறது. நம் தேசத்தில் அது விநாடிக்கு 50 தடவை துடிக்கிறது. அமெரிக்காவில் 60 தடவை. ஜனங்கள் கேட்பது அதிகமாகி, நிலையங்கள் கொடுப்பது குறைந்தால், நாடி தளர்கிறது. ஒரு அளவுக்குக் கீழே தளர்ந்தால் யந்திரங்கள் தம்மைக் காப்பாற்றிக் கொள்ள ஒவ்வொன்றாக விலகிக் கொள்ளும். பிறகு ஊரே இருட்டு.

நான் கதை எழுதுகிறவன். வோல்ட், ஆம்பியர் என்று ஆரம்பித்தால் கொட்டாவி விடுகிற ஜாதி. ஆனாலும் இந்த விஷயத்தின் சரித்திரத்தைப் படிக்கப் படிக்க, இது யந்திரங்களின் சரித்திரமே அல்ல என்று எனக்குத் தோன்றிவிட்டது. ஒரு பக்கம் வீடு, மறு பக்கம் மின்சாரக் கம்பெனி. இந்த இரண்டு பேருக்கும் நடுவே நூற்றுச் சொச்சம் வருஷங்களாக நடந்து வரும் குடித்தனத்தின் கதை இது. கோபமும் சந்தேகமும் சமாதானமும் இதில் உண்டு. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

1882 செப்டம்பர் 4ந் தேதி, நியூயார்க் நகரில் பேர்ல் தெருவில் எடிஸனின் மின்சார நிலையம் வேலை தொடங்கியது. அப்போது மின்சாரம் என்றால் விளக்கு. விளக்கு என்றால் இரவு. சாயங்காலம் ஆனதும் எல்லோரும் ஒரே சமயத்தில் விளக்குப் போடுவார்கள். நள்ளிரவில் அணைத்துவிட்டுத் தூங்குவார்கள். மறுநாள் மாலை வரை அவ்வளவு பெரிய யந்திரத்துக்கு அதிகம் வேலை இல்லை.

இதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். கல்யாணத்துக்கென்று ஒருவர் ஆயிரம் பேருக்குச் சமைக்கக் கூடிய அண்டாக்களைக் கடன் வாங்கி வாங்கிப் போடுகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். கல்யாணம் ஒரு நாள். மற்ற 364 நாளும் அண்டா பரணில் கிடக்கிறது. ஆனால் வட்டி? அது பரணில் கிடப்பதில்லை. இரவு பகலாக ஏறிக்கொண்டே இருக்கிறது. மின்சாரக் கம்பெனிகளின் கஷ்டம் அன்றைக்கும் இன்றைக்கும் இதுதான். வருஷத்தில் மிக அதிகமாகக் கேட்கிற அந்தச் சில மணி நேரத்துக்காகத்தான் நிலையங்களையும் கம்பிகளையும் கட்ட வேண்டியிருக்கிறது.

இதை நன்றாகப் புரிந்துகொண்டவர் ஸாமுவேல் இன்ஸல். 1859இல் லண்டனில் பிறந்தவர். 1881இல் எடிஸனின் அந்தரங்கக் காரியதரிசியாக அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியவர். 1892இல் சிகாகோ நகரத்தின் எடிஸன் கம்பெனிக்குத் தலைவராகப் போனார். சில வருஷங்களில் இங்கிலாந்துக்கு விடுமுறையில் வந்தபோது, பிரைட்டன் என்ற கடற்கரை ஊரில் ஆர்தர் ரைட் என்ற எஞ்சினீயர் ஒரு புது மீட்டரை வைத்திருப்பதைத் தெரிந்துகொண்டார். ஒரு வீடு மொத்தம் எவ்வளவு மின்சாரம் செலவழித்தது என்பதோடு, அது ஒரே சமயத்தில் அதிகபட்சமாக எவ்வளவு இழுத்தது என்பதையும் இந்த ஏற்பாட்டில் கண்டுபிடித்து விடலாம். அண்டாவின் வாடகை வேறு, அரிசியின் விலை வேறு என்று பிரித்துச் சொல்லும் கணக்கு அது.

இன்ஸல் அதைச் சிகாகோவுக்குக் கொண்டு போனார். பரணில் கிடக்கிற அண்டாவுக்கு வேலை தேடினார். டிராம் கம்பெனிகளையும் தொழிற்சாலைகளையும் வாடிக்கைக்காரர்களாகச் சேர்த்தார். வீட்டுப் பெண்மணிகள் பகலிலும் மின்சாரம் செலவழிக்க வேண்டுமென்று, இஸ்திரிப் பெட்டி முதலிய சாமான்களை விற்பதற்குக் கடையே திறந்தார். விலையைக் குறைக்கக் குறைக்க ஜனங்கள் அதிகம் வாங்கினார்கள். அதிகம் வாங்க வாங்க விலை இன்னும் குறைந்தது. முதல் அங்கத்தில் கம்பெனி வீட்டைப் பார்த்துச் சொன்ன வசனம், “இன்னும் சாப்பிடுங்கள், இன்னும் சாப்பிடுங்கள்” என்பதுதான்.

அந்த மனிதருடைய முடிவு ஒரு நாவலுக்குப் போதும். பல மாகாணங்களில் பரவியிருந்த அவருடைய கம்பெனிகள் 1932இல் சரிந்தன. அவருடைய பங்குகளை வாங்கியிருந்த சாதாரணக் குடும்பங்களின் சேமிப்பும் கூடவே போயிற்று. அவர் கிரேக்க தேசத்துக்கு ஓடினார். பிடித்துக் கொண்டு வந்து வழக்குத் தொடுத்தார்கள். குற்றமற்றவர் என்று தீர்ப்பாயிற்று. 1938இல் பாரிஸ் நகரத்தில் சுரங்க ரயில் நிலையம் ஒன்றில் மாரடைப்பால் விழுந்து இறந்தார். அவர் போய்விட்டார், ஆனால் விற்பனையைப் பெருக்கிக்கொண்டே போவது என்ற அவருடைய வழி, பின்னும் நாற்பது வருஷ காலம் மின்சாரக் கம்பெனிகளின் வேதமாக இருந்தது.

இதற்கிடையில், தெற்கே நியூஸீலந்து தேசத்தில் ஒரு சாதுவான காரியம் நடந்தது. அங்கே வீட்டுக்கு வீடு வெந்நீர்த் தொட்டி. குளிர் காலத்து மாலையில் எல்லாத் தொட்டிகளும் ஒரே சமயத்தில் காய ஆரம்பித்தால் அணைக்கட்டு மின்சாரம் எப்படிப் போதும்? 1950களிலிருந்து அவர்கள் ஒரு வழி செய்துகொண்டார்கள். மின்சாரம் வருகிற அதே கம்பி வழியாக ஒரு தனிச் சுருதியை அனுப்புவது; அந்தச் சுருதியைக் கேட்டதும் வெந்நீர்த் தொட்டிகளுக்குப் போகும் மின்சாரம் மட்டும் நிற்கும். நெருக்கடி தீர்ந்ததும் இன்னொரு சமிக்ஞை. தொட்டி மறுபடி காயும். தொட்டியைச் சுற்றிக் கம்பளி போர்த்தியது போல் கவசம் இருப்பதால் தண்ணீர் சூடாகவே இருக்கும். குளிக்கப் போகிறவருக்கு நடுவில் என்ன நடந்தது என்றே தெரியாது.

இதை ஒரு சிறிய தந்திரம் என்று நினைத்துவிடக் கூடாது. மின்சாரத்துக்கு அகப்படாத குதிர், யாருக்கும் தெரியாமல் வீட்டுக் குளியலறையிலேயே உட்கார்ந்திருந்தது! மின்சாரத்தை மின்சாரமாகவே சேமித்து வைக்க முடியவில்லை. ஆனால் அது செய்ய வேண்டிய வேலையை முன்னதாகச் செய்து, அந்த வேலையின் பலனைச் சேமித்து வைக்கலாம். வெந்நீரும், குளிர்ந்த அறையும், சுவருக்குள் தங்கிய உஷ்ணமும் சேமிப்புத்தான்.

ஆனால் குதிரில் ஓட்டை இருந்தால் நெல் தங்குமா? இந்தக் கேள்விக்குப் பதில் 1970களில் வந்தது. 1973இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும், அமெரிக்காவில் பெட்ரோலுக்குக் கார்கள் வரிசையில் நின்றன. அந்த நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, காலிபோர்னியாவில் பெர்க்லி ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த ஆர்தர் ரோஸன்பெல்டு என்ற பௌதிக விஞ்ஞானி, சக ஊழியர்கள் எரியவிட்டுப் போன விளக்குகளை அணைக்கப் புறப்பட்டார். சுவிட்சுகளையே காணோம்! அலமாரிகளுக்கும் காகிதப் பெட்டிகளுக்கும் பின்னால் அவை மறைந்து கிடந்தன. அவற்றைத் தேடிக் கண்டுபிடிக்கவே இருபது நிமிஷம் பிடித்தது. மகா மேதை பெர்மியிடம் படித்து அணுத்துகள்களை ஆராய்ந்து கொண்டிருந்தவர், அதன் பிறகு தம் வாழ்நாளை வீடுகளிலும் கட்டிடங்களிலும் வீணாகும் சக்தியை ஆராய்வதற்கே கொடுத்துவிட்டார். அவரும் அவரைப் போன்றவர்களும் வற்புறுத்தியதன் பலன், இன்றைய அமெரிக்கக் குளிர்ப்பெட்டி பழையதைவிடப் பெரியது. ஆனால் 1970களின் பெட்டி குடித்த மின்சாரத்தில் ஏறக்குறைய கால் பங்குதான் குடிக்கிறது.

கனடாவில் ரெஜைனா என்ற ஊரில் 1977இல் ஒரு வீடு கட்டினார்கள். உறை நிலைக்குக் கீழே முப்பது டிகிரிக்கும் போகிற குளிர் அங்கே சகஜம். அந்த வீட்டில் வழக்கமான கணப்பு உலையே கிடையாது! ஒரு அடி கனத்தில் குளிர் தாங்கும் சுவர். காற்றுப் புகாத மூட்டுகள். வெளியே போகிற காற்றின் உஷ்ணத்தை உள்ளே வருகிற காற்றுக்கு மாற்றிக் கொடுக்கிற ஒரு சாதனம். அதில் குடியிருப்பவர்களின் உடம்புச் சூடும் அடுப்புச் சூடும் விளக்குச் சூடுமே பெரும் பகுதித் தேவைக்குப் போதுமானதாக இருந்தது. பின்னால் 1990களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரத்தில் எழுந்த பிரசித்தமான சிக்கன வீடுகளுக்கு இதுவும் ஒரு முன்னோடி. ஓட்டையில்லாத குதிரைக் கட்டத் தெரிந்துவிட்டது.

அடுத்த படி ஒரு கற்பனை. நான் பொறாமைப்படும் தரத்துக் கற்பனை அது. மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராக இருந்தவர் பிரெட் ஷ்வெப்பி. மனித உடம்பைப் பாருங்கள் என்றார். வெயிலில் வேர்க்கிறது, குளிரில் நடுங்குகிறது. மூளை உத்தரவு போட்டுக் கொண்டிருக்க வேண்டியதில்லை. உடம்பே தன்னைச் சரிசெய்து கொள்கிறது. மின்சார வலையும் வீடுகளும் ஏன் அப்படி ஒரே உடம்பாக இருக்கக் கூடாது? நாடி தளர்ந்தால், வீட்டுக் குளிர்ப்பெட்டியும் வெந்நீர்த் தொட்டியும் தாமே அதைத் தெரிந்துகொண்டு சற்று ஓயட்டுமே! 1980 வாக்கில் அவரும் அவருடைய சகாக்களும் இதை எழுதி வெளியிட்டார்கள். அப்போது வீடுகளில் கம்ப்யூட்டர் அபூர்வம். அவர் 1988இல் காலமானார். தம் கனவு பலித்ததைப் பார்க்கவில்லை.

பலித்தது, வாஷிங்டன் மாகாணத்தில். அங்கே ஒலிம்பிக் தீபகற்பம் என்ற பிரதேசத்தில், 2006, 2007 வருஷங்களில் 112 வீடுகளில் ஒரு பரீட்சை நடந்தது. மின்சார விலை ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை மாறும். வீட்டுக்காரர் தமக்குச் சௌகரியம் முக்கியமா, சிக்கனம் முக்கியமா என்று முன்கூட்டிச் சொல்லி வைத்துவிட வேண்டியது. மற்றதைக் கருவியே கவனித்துக் கொள்ளும். சராசரியாகப் பத்து சதவிகிதம் செலவு மிச்சமாயிற்று. அதே காலத்தில் துணி உலர்த்தும் யந்திரங்கள் 150இல் ஷ்வெப்பியின் எண்ணத்தை ஒத்த சிறு கருவியை வைத்துப் பார்த்தார்கள். வலையின் நாடி தளர்ந்த போதெல்லாம் அவை சிறிது நேரம் சூட்டை நிறுத்திக் கொண்டன. துணி உலர்ந்து கொண்டுதான் இருந்தது. வீட்டுக்காரர்கள் அநேகமாக அதைக் கவனிக்கவே இல்லை.

இவ்வளவு தூரம் படித்த வாசகர், “எல்லாம் சரி, இது இல்லாமல் போனால் என்ன குடி முழுகிப் போகும்?” என்று கேட்கலாம். அதற்கு டெக்ஸாஸ் மாகாணம் 2021 பிப்ரவரியில் பதில் சொன்னது.

வழக்கத்துக்கு விரோதமான பனி. காஸ் குழாய்களும் நிலையங்களும் உறைந்து நின்றன. முதல் குற்றம் அங்கேதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் கதை அதோடு முடியவில்லை. டெக்ஸாஸ் வீடுகளில் பாதிக்கு மேல் மின்சாரத்தால் சூடேற்றிக் கொள்பவை. வெயிலுக்குப் பழகிய ஊர். சுவர்கள் மெலிந்தவை, ஜன்னல்களில் காற்று நுழையும். குளிர் ஏற ஏற எல்லா வீடுகளும் ஒரே சமயத்தில் மின்சாரம் கேட்டன. பிப்ரவரி 15ந் தேதி விடிவதற்கு வெகு முன்னால் வலையின் நாடி 60இலிருந்து 59.4க்கும் கீழே இறங்கியது. அந்த நிலையில் ஒன்பது நிமிஷம் இருந்தால் நிலையங்கள் தாமே விலகத் தொடங்கும். மாகாணமே இருளில் மூழ்கியிருக்கும். மீள வாரக்கணக்கில் ஆகியிருக்கும். மிச்சமிருந்தது 4 நிமிஷம் 37 விநாடி. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் ஊர் ஊராகத் துண்டித்து வலையைக் காப்பாற்றினார்கள்.

வலை பிழைத்தது. ஆனால் 45 லட்சம் வீடுகளுக்கும் வணிக இடங்களுக்கும் மின்சாரம் போயிற்று. பல இடங்களில் நாள் கணக்கில் வரவில்லை. ஓட்டைக் குதிர்களில் இருந்த சூடு சில மணி நேரத்தில் வடிந்தது. அரசாங்கம் எண்ணிய கணக்கில் 246 பேர் மாண்டார்கள்; பெரும்பாலோர் குளிரால். அவர்களில் பலர் தெருவில் சாகவில்லை. தங்கள் வீட்டுக்குள், போர்வைக்குள் செத்தார்கள். வெந்நீர்த் தொட்டியையும் சலவை யந்திரத்தையும் மட்டும் ஓய்வெடுக்கச் சொல்லி, படுக்கையறைக் கணப்பை விட்டு வைக்க அன்றைக்கு வழியில்லை. இருந்த ஒரே சுவிட்சு, தெரு முழுவதையும் அணைக்கிற சுவிட்சு.

இதற்கு மாறான காட்சி ஒன்றும் அதே தேசத்தில் உண்டு. அலபாமா மாகாணத்தில் பர்மிங்ஹாம் நகரத்தை அடுத்த ஹூவர் என்ற ஊரில், 2018இல் 62 வீடுகள் கொண்ட ஒரு பேட்டை உருவாயிற்று. தடித்த காப்பு, நல்ல ஜன்னல்கள், சிக்கனமான வெந்நீர்த் தொட்டி, உஷ்ணத்தைக் கவனிக்கும் தெர்மோஸ்டாட். பேட்டைக்குப் பொதுவாக சூரிய ஒளித் தகடுகளும், பாட்டரியும், ஒரு காஸ் யந்திரமும். எல்லாவற்றையும் ஓக் ரிட்ஜ் தேசிய ஆராய்ச்சிக்கூடத்தார் ஒன்றோடொன்று பேசும்படி இணைத்தார்கள். அங்கே சாதாரண வீட்டுக்கு ஆவதைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவாக மின்சாரம் செலவாயிற்று. நெருக்கடி வேளையில் கேட்பதும் குறைந்தது. 2021 அக்டோபரில் அமெரிக்க அரசாங்கத்தின் எரிசக்தி இலாகா, இப்படி இணைந்த குடியிருப்புகளுக்காகப் பத்துத் திட்டங்களைத் தேர்ந்தெடுத்து 6 கோடியே 10 லட்சம் டாலர் அறிவித்தது. அந்தத் தேசத்து மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு கட்டிடங்களுக்குள்ளேதான் செலவாகிறது என்பதை நினைத்தால், இந்தத் தொகை மிகையல்ல.

சூரிய மின்சாரம் பெருகிய பிறகு இதன் அவசியம் இன்னும் கூடியிருக்கிறது. காலிபோர்னியாவில் நண்பகலில் மின்சாரம் கொட்டுகிறது. சூரியன் மறைந்ததும், எல்லோரும் வீடு திரும்பும் அந்த நேரத்தில், தட்டுப்பாடு. பகலின் சமையலை மாலைக்கு எடுத்து வைக்க அங்கே பெரிய பெரிய பாட்டரிகள் வந்திருக்கின்றன, நல்லதுதான். ஆனால் நன்கு மூடிய வீட்டைப் பிற்பகலிலேயே இரண்டு டிகிரி அதிகமாகக் குளிர வைத்துவிட்டால், மாலையில் இரண்டு மணி நேரம் யந்திரம் சும்மா இருக்கலாம். ஒரு வீடு ஒரு கிலோவாட் விட்டுக் கொடுத்தால் அது ஒன்றுமில்லை. ஒரு லட்சம் வீடுகள் விட்டுக் கொடுத்தால் 100 மெகாவாட். புதிதாக ஒரு நிலையம் கட்டியதற்குச் சமானம்.

2022 செப்டம்பர் 6ந் தேதி அதே காலிபோர்னியாவில் கடும் வெயில். தேவை 52,061 மெகாவாட்டைத் தொட்டது. அதுவரை கண்டிராத உச்சம். மாலை 5.45க்கு அரசாங்கம் ஜனங்களின் டெலிபோன்களுக்கு ஒரு செய்தி அனுப்பியது: ‘இப்போது மின்சாரத்தைக் குறையுங்கள்’ என்று. சில நிமிஷங்களில் ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல் குறைந்தது. சுழற்சி முறையில் ஊர்களை இருட்டாக்க வேண்டிய அவசியம் வரவில்லை. கேட்டால் கொடுக்கிறார்கள், மனிதர்கள் அப்படி ஒன்றும் கெட்டவர்கள் அல்ல.

ஆனால் கேட்காமல் எடுத்தால்? கொலராடோ மாகாணத்தில் அதற்கு ஒரு வாரத்துக்கு முன்புதான், ஆகஸ்டு 30ந் தேதி, ஒரு சம்பவம் நடந்தது. நல்ல வெயில். சுமார் 22,000 வீடுகளில் தெர்மோஸ்டாட் பூட்டிக் கொண்டது. எவ்வளவு அழுத்தினாலும் மாறவில்லை. சேரும்போது 100 டாலரும், பிறகு வருஷத்துக்கு 25 டாலரும் வாங்கிக்கொண்டு அவர்களே சேர்ந்த திட்டந்தான். நெருக்கடி வந்தால் பூட்டலாம் என்பது நிபந்தனையில் இருந்ததுதான். ஆனாலும் ஜனங்கள் கொதித்தார்கள். கொஞ்சம் வேர்த்ததற்காக அவர்கள் கொதித்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. தம் வீட்டுச் சுவரில் இருக்கிற பொத்தான் தம் விரலுக்குக் கட்டுப்படவில்லையே என்பதுதான் அவர்களைச் சுட்டிருக்கும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. தடித்த சுவரும் புதுக் கருவியும் சொந்த வீட்டுக்காரருக்குத்தான் கிடைக்கின்றன. வாடகைக்கு இருப்பவன் சுவரைத் தொட முடியாது. வீட்டுக்காரரோ மின்சாரப் பில்லைத் தாம் கட்டுவதில்லை என்பதால் அக்கறைப்படுவதில்லை. டெக்ஸாஸில் செத்தவர்களை நினைத்துக் கொண்டு பார்த்தால், முதலில் மூட வேண்டியது ஏழையின் வீட்டு ஓட்டை. ஒழுகுகிற வீட்டில் கருவியை மட்டும் பொருத்தி, நெருக்கடி வேளையில் அதை அணைத்து வைப்பது சிக்கனம் ஆகாது. இருப்பவனுக்காக இல்லாதவனை நடுங்க வைப்பதாகும். சுவர் முதலில், கம்பி அப்புறம் என்ற வரிசையை எந்தச் சர்க்காரும் மாற்றக் கூடாது.

இன்ஸல் காலத்தில் கம்பெனி வீட்டைப் பார்த்து, ‘சாப்பிடுங்கள்’ என்று சொன்னது. எண்ணெய் நின்ற காலத்தில், ‘குறைத்துச் சாப்பிடுங்கள்’ என்றது. இப்போது, ‘நான் சொல்லுகிற நேரத்தில் சாப்பிடுங்கள்’ என்கிறது. மூன்றாவது வசனத்தை எந்தக் குரலில் சொல்வது என்பதில்தான் இந்தக் குடித்தனத்தின் சுகதுக்கம் இருக்கிறது.

நம் பெரிய குடும்பங்களில் குதிரின் சாவி வீட்டு அம்மாளின் இடுப்பில் இருந்தது. ஊருக்குப் பஞ்சம் என்று வந்து கேட்டால், அவள் எழுந்து போய்த் தன் கையால் மரக்காலில் அளந்து போட்டாள். அவளிடம் நெல்லுக்குக் குறைவில்லை, மனசுக்கும் குறைவில்லை. ஆனால் சாவியை மட்டும் யாரிடமும் கொடுத்துவைக்க மாட்டாள். எஞ்சினீயர்கள் ஓட்டையில்லாத குதிரைச் செய்து கொடுத்துவிட்டார்கள்; கேட்பதற்கு நல்ல கம்பியும் போட்டுவிட்டார்கள். இனி அவளிடம் கேட்டு வாங்கத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான் பாக்கி.